அச்சு மாறிய மெயில்

பூட்டு விழுந்தது. சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது. சங்கத் தலைவரின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

"தம்பி, ஃபேன் ஓடுதா பாருங்க," என்றார் அண்ணி.

"ஓடுது அண்ணி. காத்துதான் வரல. அதையும் சேர்த்து வெளிய வெச்சுப் பூட்டிட்டாங்க போல."

அண்ணி சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அண்ணி சிரித்தால் அன்றைய வழக்கு சுலபம் என்று அர்த்தம். இல்லாவிட்டால் மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று அர்த்தம்.

என் அண்ணன் மனைவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தபால் இலாகாவில், விலாசம் தப்பிய கடிதங்களை உரியவர்களிடம் சேர்க்கும் பிரிவில் வெகுகாலம் இருந்தவர். பாதி அழிந்த கையெழுத்தைப் பார்த்து எழுதியவர் இடதுகைக்காரர், கோபக்காரர், மாமியாருக்கு எழுதுகிறார் என்று வரிசையாகச் சொல்வார். வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். நிறுவனம் என்றால் அண்ணி, நான், ஒரு பழைய ஸ்கூட்டர். அண்ணனுக்கு இதில் பங்கு இல்லை. அவர் வீட்டில் சமைக்கிறார்.

நாங்கள் அடைபட்டிருந்தது பிஸ்கட் ஆலைத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில். ஆலைக்கு எதிர்ச் சாரியில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் பின்னால், ஒற்றை அறை. ஒரு கதவு, கம்பி போட்ட ஒரு ஜன்னல், நீள மேசை, கம்ப்யூட்டர், மூன்று நாற்காலி, அதில் ஒன்று கால் உடைந்து செங்கல்மேல். எல்லாவற்றின் மேலும் வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை அப்பிக் கிடந்தது. உள்ளே வந்தபோது நாக்கில் எச்சில் ஊறியது. இப்போது திகட்டியது.

எங்களோடு உள்ளே இருந்த மூன்றாவது ஆள் சங்கச் செயலாளர். நாற்பதைத் தாண்டிய பெண்மணி, பேக்கிங் பிரிவில் வேலை. சங்கத்து மெயில் எல்லாம் இவர் மூலமாகவே போவதால் தபாலக்கா என்று செல்லப்பெயர். அது நேற்றுவரை. இன்று வெளிச்சுவரில் சாக்பீஸால் வேறு பெயர் எழுதியிருந்தார்கள். கருங்காலி.

நடந்தது இதுதான். இன்று காலை ஷிப்டுக்கு எல்லோரும் வழக்கம்போல உள்ளே போய், வேலை செய்யாமல், ஓடும் பெல்ட்டுகளை நிறுத்திவிட்டு அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுவது என்று சங்கம் முடிவு செய்திருந்தது. வாசலில் நின்று கோஷம் போட்டால் நிர்வாகம் புது ஆட்களை வைத்து ஓட்டிவிடும். பெல்ட் மேல் ஆள் உட்கார்ந்திருந்தால் எப்படி ஓட்டுவார்கள்? தலைவரின் யோசனை. நேற்று மதியம் இதைக் கமிட்டிக்கு மட்டும் மெயிலில் அனுப்பினார்கள். சாயங்காலம் அதே மெயில் இன்னொரு முறை போனது, 'ஷிப்டு' என்ற குழுவுக்கு. அந்தக் குழுவில் தொழிலாளிகளும் உண்டு, மேற்பார்வையாளர்களும் உண்டு, மேனேஜரும் உண்டு. காலையில் வந்து பார்த்தால் ஆலைக்கதவில் பெரிய பூட்டு, பக்கத்தில் கதவடைப்பு என்று அறிவிப்பு. எல்லோருடைய பிழைப்பும் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது.

நடுநிலையான ஆள் வேண்டும் என்று அண்ணியைக் கூப்பிட்டார்கள். வந்ததும் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"ஆலைச் சங்கு ஊதுறதுக்குள்ள யார்னு சொல்லிடுங்கம்மா," என்று தலைவர் சொல்லிவிட்டுத்தான் பூட்டினார். "இல்லேன்னா ஜனங்களே முடிவு பண்ணிடுவாங்க. என்னால பிடிச்சு வைக்க முடியாது."

ஜனங்களின் முடிவு என்ன என்று கேட்கத் தேவையில்லை. தபாலக்காவின் பெயரைச் சங்கத்திலிருந்து அடிப்பார்கள். ஆலை என்றைக்குத் திறந்தாலும் அவருக்கு எதிரே நின்று வேலை செய்ய ஒரு ஆள் வராது. இந்தத் தெருக்களில் வாடகைக்கு வீடு கிடைக்காது. கருங்காலி என்று ஒரு முறை பெயர் ஒட்டிவிட்டால் அது பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரைக்கும் போகும்.

"நீங்க அனுப்பினீங்களா?" என்று நேராகக் கேட்டார் அண்ணி.

"இல்ல மேடம்."

"கைதவறிப் போயிருக்குமோ?"

தபாலக்கா தலையை ஆட்டினார். "கைதவற முடியாது. அதுக்கு நானே வழி பண்ணிட்டேன். அதுதான் இப்ப என் கழுத்தைப் பிடிக்குது."

கதை இப்படி. சில மாதங்களுக்கு முன்னால் சங்கப் பொருளாளர் மேனேஜரின் மீசையைக் கிண்டலடித்துக் கமிட்டிக்கு ஒரு மெயில் எழுதினார். அவசரத்தில் அது ஷிப்டு குழுவுக்குப் போய்விட்டது. மேனேஜர் மறுநாளே பதில் எழுதினார்: 'மீசையை எடுத்துவிட்டேன். கருத்துக்கு நன்றி.' பொருளாளருக்கு அடுத்த மாதம் முழுக்க அடுப்புப் பக்கம் வேலை போட்டார்கள்.

"அப்பதான் யோசிச்சேன் மேடம். மாவை அச்சுல வெட்டினா ஒரு பிஸ்கட்டாவது கோணலா வருமா? மெயிலுக்கும் அச்சு செஞ்சா என்னன்னு தோணுச்சு."

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வகை மெயிலுக்கும் ஒரு டெம்ப்ளேட். அவர்கள் பாஷையில் அச்சு. கமிட்டி அச்சு, ஷிப்டு அச்சு, கூட்ட அறிவிப்பு அச்சு. யாருக்குப் போக வேண்டுமோ அந்தக் குழுவின் பெயர் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தது. அதன் பக்கத்தில், அதே முகவரிக் கட்டத்துக்குள், இன்னொரு சொல்லும் இருந்தது: 'கை?'

"இது யாரு, கை? புது மெம்பரா?" என்றேன்.

"பேக்கிங்ல பெல்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஆள் நிப்போம் தம்பி. சுவிட்ச் ஒரு பக்கம்தான் இருக்கும். சுவிட்ச் பக்கம் இருக்கிறவ 'கை?'ன்னு கத்திக் கேட்கணும். எதிர்ல இருக்கிறவ ரெண்டு பக்கமும் பார்த்துட்டு 'வெளியே'ன்னு சொல்லணும். அப்புறம்தான் பெல்ட் ஓடும். தன் கைக்குத் தானே பதில் சொல்லக் கூடாது. அது எங்க சட்டம்."

அந்தச் சட்டத்தைத்தான் மெயிலுக்குக் கொண்டுவந்திருந்தார். 'கை?' என்பது மெயில் முகவரி இல்லை. அது அந்தக் கட்டத்தில் இருக்கும்வரை கம்ப்யூட்டர் மெயிலை அனுப்ப மறுக்கும். அனுப்புகிறவர் அதை வெட்டியெடுத்து மெயிலின் அடியில் ஒட்ட வேண்டும். பிறகு இன்னொருவர் உட்கார்ந்து, யாருக்குப் போகிறது என்று படித்துப் பார்த்து, பக்கத்தில் 'வெளியே' என்று அடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அனுப்புவார்கள்.

"ஒரு மெயிலுக்கு ரெண்டு பேரா? எங்க அண்ணன் கல்யாணத்தையே ஒரே ஒருத்தர்தான் முடிவு பண்ணாங்க."

"அது நான்தான். சும்மா இருங்க," என்றார் அண்ணி.

எனக்கு உள்ளுக்குள் கவலையாகத்தான் இருந்தது. இந்த அம்மாள் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை காவல் போட்ட பிறகு மெயில் தவறிப் போனது என்றால் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே 'கை?'யை எடுத்துவிட்டு அனுப்பினால்தான் போகும். வேண்டுமென்றே அனுப்பக்கூடியவர் யார்? தினமும் அனுப்புகிறவர்தானே. தவறு நடக்காமல் இருக்க இவர் கட்டிய சுவர் இவரையே உள்ளே வைத்துப் பூசிவிட்டது.

வெளியே ஒரு குரல், "உள்ள என்ன விசாரணையா, விருந்தா?" என்று கத்தியது. சிறு கல் ஒன்று ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது.

"தம்பி, யாரெல்லாம் நிக்கிறாங்க, எப்படி நிக்கிறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க."

"கல்லு வருது அண்ணி."

"சின்னக் கல்லுதான். பாருங்க."

பார்த்தேன். முற்றம் நிறைய ஆட்கள். கோபத்தில் இருந்தாலும் கூட்டமாக நெரியவில்லை. பெண்கள் இரண்டு வரிசையாக, எதிரும் புதிருமாக, நடுவில் இடைவெளி விட்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "கயிறு இழுக்கிற போட்டிக்கு வந்த மாதிரி ரெண்டு பக்கமா நிக்கிறாங்க. கயிறுதான் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் எதிர்ல ஒருத்தர். வேலையில நின்னு நின்னு அப்படியே பழகிடுச்சு போல. பச்சை சுடிதார் போட்ட ஒரு பொண்ணு மட்டும் குழாய்க்கிட்ட தனியா நின்னுட்டு இந்த ஜன்னலையே பார்க்குது."

தபாலக்கா எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என் தங்கச்சி," என்றார். "ஒரே வீட்லதான் இருக்கோம். காலையிலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

ஊரே திட்டினாலும் தாங்கலாம். கூடப்பிறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கே போவது?

அண்ணி அறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கொண்டுவந்தார். ஷிப்டு குழுவுக்குப் போன மெயிலை யாரோ அச்செடுத்து, மேலே சிவப்புப் பேனாவால் திட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் கமிட்டிக்குப் போன மெயிலைத் திறந்து, அதன் பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டார்.

"என்ன வித்தியாசம் தம்பி?"

"ஒண்ணும் இல்ல. எழுத்துப்பிழைகூட அதே இடத்துல இருக்கு."

"அடியில பாருங்க."

கமிட்டி மெயிலின் அடியில் 'கை? வெளியே. இப்படிக்கு, தலைவர்' என்று இருந்தது. ஷிப்டு மெயிலின் அடியில் 'வெளியே' என்று மட்டும் இருந்தது.

"கையெழுத்துப் போட மறந்துட்டாங்க. அவ்வளவுதானே?"

அண்ணி நாற்காலியை எனக்குத் தள்ளினார். "உட்காருங்க. கூட்ட அறிவிப்பு அச்சைத் திறங்க. நீங்க ஒரே ஆளா ஒரு மெயில் அனுப்பணும். யார் உதவியும் கிடையாது."

"காப்பாத்துங்கன்னு அண்ணனுக்குப் போடட்டுமா?"

"உங்க அண்ணன் மெயில் பார்க்கிறதுக்குள்ள நாம இந்தச் சங்கத்துல உறுப்பினராயிடுவோம். எனக்கே போடுங்க."

குழுவின் பெயரை எடுத்துவிட்டு அண்ணியின் முகவரியைப் போட்டேன். 'கை?'யை வெட்டினேன். தபாலக்கா சொன்னபடி அதை மெயிலின் அடியில் ஒட்டினேன். பிறகு கை நின்றது. யாராவது பதில் அடிக்க வேண்டும். என்னையறியாமல் திரும்பி அண்ணியைப் பார்த்தேன்.

"அனுப்பிடுங்க," என்றார்.

அனுப்பினேன். மெயிலின் அடியில் 'கை?' மட்டும் இருந்தது.

"கேட்கிற ஆள் தனியா இருந்தா கேள்விதான் மிஞ்சும்," என்றார் அண்ணி. "செயலாளர் தினம் செய்றது கேட்கிற வேலை. வெட்டுறது, அடியில ஒட்டுறது. அவங்க கை தன்னால அதைத்தான் செய்யும். அவங்க தனியா இந்தத் திருட்டு வேலையைச் செஞ்சிருந்தா அடியில 'கை?' இருந்திருக்கணும். இல்ல ஒண்ணுமே இருந்திருக்கக் கூடாது. இந்த மெயில்ல கேள்வி இல்ல. பதில் மட்டும் இருக்கு."

நான் விடுவேனா? "அண்ணி, யாரோ செயலாளரை மாட்டிவிடறதுக்காக, பார்க்க நிஜ மெயில் மாதிரி இருக்கட்டும்னு 'வெளியே'ன்னு சேர்த்திருக்கலாமே?"

"மாட்டிவிடறவன் ரெண்டையும் போட்டிருப்பான். போலி நோட்டு அடிக்கிறவன் ஒரு பக்கம் மட்டுமா அடிப்பான்? இது யோசிச்சுப் போட்டது இல்ல தம்பி. பழக்கத்துல விழுந்தது. முகவரியைப் படிச்சதும் 'வெளியே'ன்னு அடிச்சே பழகின கை. பதில் சொல்றது மட்டும்தான் அந்தக் கையோட வேலை."

எனக்கு ரத்தம் சூடேறிவிட்டது. "அப்ப தலைவர்தான்! கமிட்டி மெயிலுக்குப் பதில் அடிச்சதே அவர்தானே? திட்டமும் அவரோடது. நிர்வாகத்துக்கிட்ட கைநீட்டி வாங்கிட்டு, பழியை இந்த அம்மா தலையில போட்டுட்டு, சாவியையும் இடுப்புல சொருகிட்டு உலாத்துறார். கதவைத் தட்டட்டுமா?"

"தட்டினா கை வலிக்கும். தலைவர் அடிச்ச பதில் எப்படி இருக்கு?"

'இப்படிக்கு, தலைவர்.' பழைய மெயில்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது. ஒற்றைச் சொல்லைக்கூடப் பதவியோடு சேர்த்துத்தான் அவரால் சொல்ல முடியும். அந்த மனிதர் பல் தேய்த்தாலும் அடியில் கையெழுத்துப் போடுவார்.

என் வழக்கு சோடா பாட்டில் காற்றுப்போலப் போய்விட்டது.

"பதவி போடாம வெறுமனே 'வெளியே'ன்னு இருக்கிற மெயில் ஏதாவது இருக்கா பாருங்க," என்றார் அண்ணி.

தேடினேன். இருந்தன. எல்லாமே ஷிப்டு மாற்றுகிற அறிவிப்புகள். 'கை? வெளியே.' அவ்வளவுதான், பதவியும் இல்லை, பெயரும் இல்லை. நேரத்தைப் பார்த்தேன். எல்லாமே விடியற்காலையில், இந்த அலுவலகக் கதவைத் திறப்பதற்கு வெகு முன்னால் அனுப்பியவை.

அண்ணி தபாலக்காவின் எதிரில் போய் உட்கார்ந்தார். செங்கல் வைத்த நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது.

"இதெல்லாம் வீட்லேருந்து போன்ல அனுப்பினதா?"

"ஆமா."

"அந்த நேரத்துல பக்கத்துல இருந்து பதில் அடிக்கிறது யாரு?"

தபாலக்கா இடதுகையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். சுட்டுவிரல் பாதிதான் இருந்தது.

"பெல்ட்ல உங்களுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறது யாரு?"

"மாறி மாறி வருவாங்க மேடம்."

"தம்பி, வெளியே ரெண்டு வரிசையா நிக்கிறாங்கன்னு சொன்னீங்களே. ஒவ்வொருத்தருக்கும் எதிர்ல ஒருத்தர் இருந்தாங்க, இல்லையா?"

"ஆமா அண்ணி. குழாய்க்கிட்ட நிக்கிற அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு எதிரே நிற்க வேண்டியவர் பூட்டின அறைக்குள் எங்களோடு உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை.

தபாலக்கா தலையை நிமிர்த்தினார்.

"காலையில அந்த மெயிலைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு மேடம். தனியா அந்த ஒரு வார்த்தை கிடக்குது. அவ குரல் மாதிரியே கேட்டுச்சு."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"எப்படித் திறப்பேன்?" புடவைத் தலைப்பிலிருந்து கையை எடுத்து மேசைமேல் வைத்தார். "ரோலர்ல பாக்கெட் சிக்கிடுச்சு. இந்தக் கையால எடுத்துட்டே 'கை?'ன்னு கேட்டேன். அவ அன்னைக்கு வேலைக்குப் புதுசு. பக்கத்துல யார்கூடவோ பேசிட்டே, பார்க்காம 'வெளியே'ன்னு சொல்லிட்டா. அது காதுல விழுந்ததும் பழக்கத்துல என் இன்னொரு கை சுவிட்சைப் போட்டுடுச்சு. அன்னைக்கு என்னைவிட அவதான் அதிகமா அழுதா. இன்னைக்கு வரைக்கும் தூக்கத்துல அந்த வார்த்தையைச் சொல்லி எழுந்திருப்பா."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"பெல்ட்டுக்கெல்லாம் மேல்மாடி ரூம்ல ஒரு மெயின் சுவிட்ச் இருக்கு தம்பி. எங்க சுவிட்சை நாங்க நிறுத்தினாலும் அங்கேருந்து ஓட்டலாம். நேத்து சாயங்காலம் அவ என்கிட்ட சண்டை போட்டா. 'அக்கா, பெல்ட் மேல உட்காராதே. மேலேருந்து சுவிட்ச் போடுறவன் கைன்னு கேட்க மாட்டான்'னு கத்தினா. போடி பைத்தியக்காரின்னு சொல்லிட்டுக் குளிக்கப் போயிட்டேன். போன் மேசைமேலதான் இருந்துச்சு. முன்கூட்டியே தெரிஞ்சா நிர்வாகம் பெல்ட் பக்கம் யாரையும் விடாது, திட்டமே நின்னுடும்னு நினைச்சிருப்பா. கதவையே பூட்டுவாங்கன்னு அவளுக்கு என்ன தெரியும்? பழி என்மேல விழும்னும் யோசிச்சிருக்க மாட்டா. பயத்துல செஞ்சுட்டா மேடம். காசுக்குச் செய்யல."

வழக்கு முடிந்துவிட்டது. முடிந்ததில் எனக்குத் துளியும் சந்தோஷமில்லை.

தபாலக்கா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ பேரைச் சொல்லாதீங்க. நான்தான் அனுப்பினேன்னு சொல்லிடுங்க. கைதவறிப் போச்சுன்னு."

"கைதவற முடியாதுன்னு நீங்களே எல்லார்க்கும் சொல்லி வெச்சிருக்கீங்க."

"அப்ப வேணும்னே அனுப்பினேன்னு சொல்லுங்க. நான் பார்த்துக்கிறேன். அவளுக்கு இன்னும் வயசு இருக்கு மேடம்."

அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும். விலாசம் கண்டுபிடித்த கடிதத்தைச் சேர்க்காமல் வைத்துக்கொள்ளத் தனக்கு உரிமை இல்லை என்று ஆயிரம் தடவை சொன்னவர். உண்மையைச் சொன்னால் ஒரு பெண் அழிவாள். சொல்லாவிட்டால் இன்னொரு பெண். நடுவில் மாட்டிக்கொண்டு அண்ணி ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி அவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆலைச் சங்கு ஊதியது. உள்ளே ஒரு ஆளும் இல்லாத ஆலை, பழக்க தோஷத்தில் வேலைக்குக் கூப்பிட்டது.

சாவி திரும்பியது. கதவு திறந்ததும் வெயிலும் சத்தமும் ஒன்றாக உள்ளே விழுந்தன. தலைவர் வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் தலை தலையாகத் தெரிந்தது.

"யாரும்மா?" என்றார் தலைவர்.

அண்ணி எழுந்தார். வாயைத் திறப்பதற்குள் தபாலக்கா முன்னால் வந்துவிட்டார்.

"நான்தான் அனுப்பினேன். வேணும்னேதான்."

முற்றமே கத்தியது. யாரோ செருப்பைக் கழற்றினார்கள். "அப்பவே சொன்னேன்ல!" என்று ஒரு குரல் சந்தோஷமாகவே சொன்னது. தலைவர் கையை உயர்த்தி ஏதோ சொற்பொழிவுக்குத் தொண்டையைச் செருமினார்.

அப்போது பச்சை சுடிதார் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்லாதக்கா," என்றாள். பிறகு திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நான் அனுப்பினேன். அக்காவுக்குத் தெரியாம, அக்கா போன்லேருந்து அனுப்பினேன். யாரும் பெல்ட் மேல உட்காரக் கூடாதுன்னு அனுப்பினேன்."

ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் கூட்டம் திரும்பியது. தபாலக்காவின் பக்கம் இருந்த கண்கள் எல்லாம் விலகின. வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் அவருக்கு வழியே கிடைத்துவிட்டது. இரண்டு எட்டு வைத்தால் வெளியில் போய்விடலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். யாரோ தங்கச்சியின் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் கத்தவில்லை.

தபாலக்கா இரண்டு எட்டு வைத்தார். தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்தார், ஒரே இழுப்பில் அவளை அறைக்குள் கொண்டுவந்தார், முதுகால் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவுக்கு உள்ளே கொண்டி கிடையாது.

"தம்பி, மேசை!" என்றார் தபாலக்கா.

நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவர் ஒரு பக்கம். கம்ப்யூட்டரோடு சேர்த்து இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். அண்ணி ஏறி மேசைமேல் உட்கார்ந்துகொண்டார். கனத்துக்குக் கனம், கௌரவத்துக்குக் கௌரவம்.

கதவு அதிர்ந்தது. மேசை ஒரு விரற்கடை நகர்ந்தது. தங்கச்சி கதவோர மூலையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. ஒரு கையால் மேசையைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் வெளியே தலைவர். "உங்க வேலை முடிஞ்சுது. கதவைத் திறந்துட்டு நீங்க கிளம்பலாம்."

"எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கு தலைவரே," என்று அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார். "மேல்மாடி ரூம்ல ஒரு மெயின் சுவிட்ச் இருக்காமே? இத்தனை பேரை பெல்ட் மேல உட்காரச் சொல்றதுக்கு முன்னாடி, அந்தச் சுவிட்ச்சுக்கு யாரைக் காவல் வெச்சீங்க?"

வெளியே கதவை இடிப்பது நின்றது. முற்றத்தில் யாரோ ஒரு பெண், எனக்கு முகம் தெரியாத ஒருத்தி, அதே கேள்வியைத் தலைவரிடம் கேட்டாள். "சொல்லுங்க தலைவரே, யாரை வெச்சீங்க?" இன்னொரு குரலும் கேட்டது. தலைவர் கட்டுப்பாடு என்றார், ஒற்றுமை என்றார், இது பேச வேண்டிய நேரமில்லை என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

கொஞ்சம் பொறுத்துக் கதவை மறுபடி இடித்தார்கள். முன்பைவிடக் குறைந்த கைகள்தான். ஆனாலும் மேசை இன்னொரு விரற்கடை நகர்ந்தது.

"அண்ணி," என்றேன் மூச்சு வாங்க. "இப்ப நாம யார் பக்கம்?"

"மேசைப் பக்கம்," என்றார் அண்ணி. "விடாம அழுத்துங்க தம்பி."